மாநிறம் மாறாமல் தெரிய ஒரு 43 அங்குலத் தொலைக்காட்சியைச் சீர்செய்த விவரம்

தஞ்சாவூரில் பெற்றோர் வசிக்கும் வீட்டுக் கூடத்துக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு தொலைக்காட்சி வாங்கி, அந்த விலைக்குள் படம் எவ்வளவு சரியாகத் தெரிய முடியுமோ அவ்வளவு சரியாகத் தெரியச் செய்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். படம் சரியாக இருக்கிறதா என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல், திரையில் தெரியும் மனித முகம். நம் ஊர் முகங்களில் பெரும்பாலானவை மாநிறமும் கறுப்பும். பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த தொலைக்காட்சி அந்த நிறத்தைச் செங்கல் சிவப்பாகவோ சாம்பல் பூத்த வெளிறலாகவோ காட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். புல்லின் பச்சையும் வானத்தின் நீலமும் சற்று மிகையாக இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். மனிதரின் நிறம் மாறினால் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே கடையில் பேனலை, அதாவது படம் தெரியும் பலகையைத் தேர்ந்தெடுத்தது முதல் சுவருக்கு வண்ணம் பூசியது வரை எல்லா முடிவுகளையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே எடுத்தேன்.

அளவை முடிவு செய்வதற்கு முதலில் கூடத்தை அளந்தேன். தொலைக்காட்சி மாட்ட வேண்டிய சுவர் இரண்டு கதவுகளுக்கு நடுவே 44 அங்குல அகலம் மட்டுமே உடையது. 50 அங்குலத் திரையின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும் என்பதால் அது கழிந்தது. 43 அங்குலத் திரை ஏறத்தாழ 37½ அங்குல அகலம் கொண்டது, அது பொருந்தும். நாற்காலிகள் எதிர்ச்சுவரை ஒட்டி எட்டடி தொலைவில் கிடந்தன. திரைப்படம் பார்க்கத் திரையின் அகலம் கண்ணில் சுமார் 30 பாகைக் கோணத்தை அடைக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. எட்டடியிலிருந்து 43 அங்குலத் திரை 22 பாகையைத்தான் அடைக்கும். நாற்காலிகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுத்ததும் அது 27 பாகையாயிற்று. பெரிய திரைக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பெறக்கூடிய பலனில் பெரும்பகுதி, நாற்காலியை நகர்த்தியதிலேயே கிடைத்துவிட்டது. வீட்டில் அளக்கும் நாடாவை எடுக்காமல் கடைக்குப் போவதில் எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

4கே (3,840-க்கு 2,160 புள்ளிகள்) வேண்டுமா, முழு எச்டி (1,920-க்கு 1,080 புள்ளிகள்) போதுமா என்பதையும் இதே தொலைவுதான் தீர்மானிக்க வேண்டும். சராசரிப் பார்வை உடைய கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறிவதில்லை. 43 அங்குல முழு எச்டித் திரையில் ஒரு பிக்சலின், அதாவது ஒரு படப்புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகள் தனித்தனியே தெரியா. எங்கள் நாற்காலியோ ஆறரை அடியில், அதாவது இரண்டு மீட்டரில் இருக்கிறது. ஆகவே கூர்மைக்காக எங்களுக்கு 4கே தேவையே இல்லை. ஆயினும் 4கே வாங்கினேன்; காரணம் வேறு. நான் போன கடையில் என் விலைக்குள் இருந்த முழு எச்டி மாதிரிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. 4கே மாதிரிகளில் ஒன்றில்தான் கறுப்பு கறுப்பாக இருந்தது.

இந்த வேறுபாடு பேனலின் வகையால் வருவது. விலை குறைந்த எல்இடி தொலைக்காட்சிகள் எல்லாமே பின்னொளி கொண்ட எல்சிடி திரைகள்தாம். அவற்றில் விஏ, ஐபிஎஸ் என்று இரு வகைகள் முதன்மையானவை. ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. விஏ பேனலில் மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை போகும். இரவுக் காட்சியில் கறுத்த முகத்தின் ஒரு பக்கம் நிழலில் இருக்கும்போது, அந்த நிழலுக்கும் பின்னால் உள்ள இருட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்ட அந்தக் கூடுதல் விகிதம் மிகவும் தேவை. விஏவின் குறை, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுப்பது. நாற்காலிகள் நேர் எதிரே இருக்கும் கூடத்துக்கு விஏ, மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் கூடத்துக்கு ஐபிஎஸ் என்று கொள்ளலாம். எங்களுடையது முதல் வகை.

பெட்டியின் மேல் பேனல் வகையைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. ஒரே மாதிரியின் வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு பேனல்கள் வருவதும் உண்டு. ஆகவே கடையில் நாமேதான் பார்த்தறிய வேண்டும். முழுக் கறுப்பு, முழு வெள்ளை, நடுத்தரச் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய தனி நிறப் படங்களையும், நான் தெருவில் எடுத்த சில முகங்களின் ஒளிப்படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்றேன். வெள்ளைப் படத்தைப் போட்டு, கைபேசிக் கேமராவை மிக அருகில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பிக்சலின் வடிவம் தெரியும்: ஐபிஎஸ்ஸில் துணைப்புள்ளிகள் அம்புமுனை போல மடங்கியிருக்கும், விஏவில் நேரான செவ்வகங்களாக இருக்கும். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சில மலிவான 4கே பேனல்களில் வெள்ளைத் துணைப்புள்ளிகளைச் சேர்த்து மற்ற நிறப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்திருப்பார்கள்; அவற்றில் செறிந்த நிறங்கள் மங்கும்.

சாம்பல் படம் மிக முக்கியமானது. அதில் செங்குத்துப் பட்டைகளும் அழுக்குப் படிந்தது போன்ற திட்டுகளும் தெரிந்தால், கிரிக்கெட் ஆட்டத்தில் கேமரா பச்சைப் புல்வெளியின் குறுக்கே நகரும்போதெல்லாம் அவை கண்ணை உறுத்தும். அப்பா கிரிக்கெட் பார்ப்பவர் என்பதால், பட்டை தெரிந்த ஒரு பெட்டியை வேண்டாம் என்று சொல்லி, அதே மாதிரியில் வேறொன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். விற்பனையாளர் முகம் சுளிக்காமல் காட்டினார். கடையில் எல்லாத் தொலைக்காட்சிகளும் கடைக் காட்சி நிலையில், பின்னொளியை உச்சத்தில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சினிமா நிலைக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அட்டையில் அச்சிட்டிருக்கும் பெருமைகளில் பலவற்றுக்குப் பொருள் குறைவு. ‘ஏ பிளஸ் கிரேடு பேனல்’ என்பதற்கு வாங்குபவர் சரிபார்க்கக்கூடிய பொது வரையறை எதுவும் இல்லை. 107 கோடி நிறங்கள் என்றால் 10 பிட், 1.67 கோடி நிறங்கள் என்றால் 8 பிட்; பிட் கூடினால் நிறப் படிகள் கூடும். இது ஓரளவு பயனுள்ள தகவல். எச்டிஆர், அதாவது இருளுக்கும் பேரொளிக்கும் இடையே பெரிய வீச்சைக் கொண்ட பட வடிவம் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கடையிலேயே உறுதிசெய்ய வேண்டிய இன்னொன்று, இணையப் படங்களைத் திருட்டுப் படியெடுப்பிலிருந்து காக்கும் வைட்வைன் எனப்படும் காப்புமுறையின் நிலை. அது எல்1 ஆக இருந்தால்தான் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவை எச்டி தரத்தில் அனுப்பும். எல்3 ஆக இருந்தால், திரை 4கே ஆனாலும் வருவது எஸ்டி எனப்படும் பழைய குறைந்த தரப் படம்தான். முறையான சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டை ஏற்றி விற்கும் சில மலிவுத் தொலைக்காட்சிகளில் இந்தக் குறை இருக்கிறது. காப்புமுறையின் நிலையைக் காட்டும் சிறு செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடையின் வைஃபையில் அதை இறக்கிப் பார்த்த பிறகே பணம் கட்டினேன். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், ரசீதில் வரி விகிதத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மாட்டும் வேலை. நம் வீடுகளில் தொலைக்காட்சியை ஆளுயரத்துக்கு மேலே, ஏறத்தாழ பரண் மட்டத்தில் மாட்டும் வழக்கம் இருக்கிறது. கழுத்து வலிப்பது ஒருபுறம் இருக்க, விஏ பேனலைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது கறுப்பு வெளுத்து, நல்ல பேனலுக்குக் கொடுத்த பணம் வீணாகிறது. நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் அம்மாவின் கண் தரையிலிருந்து 41 அங்குல உயரத்தில் இருந்தது. திரையின் உயரம் 21 அங்குலம். ஆகவே திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 30 அங்குலத்தில் வரும்படி சுவரில் கோடு போட்டேன். மாட்ட வந்த இளைஞர், “இவ்வளவு கீழ யாரும் வைக்க மாட்டாங்க சார், பிள்ளைங்க கை வைக்கும்” என்றார். சிறுவர்கள் இல்லாத வீடு என்று சொல்லி, கோட்டின் மேலேயே மாட்டச் செய்தேன். சிறுவர்கள் இருந்தால் சற்று உயர்த்தி, முன்பக்கம் சாய்க்கக்கூடிய தாங்கியைப் போட்டுத் திரையைக் கண்ணை நோக்கித் திருப்பலாம்.

கூடத்தின் சன்னல் திரைக்கு நேர் எதிரே இருந்தது. பகலில் அதன் பிம்பம் படத்தின் மேல் விழுந்தது. இந்த விலைத் தொலைக்காட்சியின் உச்ச ஒளி 250 முதல் 350 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு) வரைதான் இருக்கும். தஞ்சாவூர் வெயிலோடு அது போட்டியிட முடியாது. தடித்த துணியில் ஒரு திரைச்சீலை தைத்துப் போட்டதில் பகல் படம் மாறியே போய்விட்டது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, தொலைக்காட்சியின் பின்பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிடப்பட்டிருந்ததால் ஸ்டெபிலைசர் வாங்கவில்லை. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள ஒரு பலகையைப் போட்டு, நிலத்தொடர்பு சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் அளந்து பார்க்கச் சொன்னேன். வடகிழக்குப் பருவமழையின் இடி நாட்களில் மின் செருகியோடு கேபிள் கம்பியையும் கழற்றிவைக்க வேண்டும். இடியின் தாக்கம் பல நேரம் அந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது.

இனி, இந்தப் பதிவின் மையமான நிறச் சீரமைப்பு. முதன்முறை இயக்கும்போது வீடா கடையா என்று தொலைக்காட்சி கேட்கும். வீடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு படநிலைகளில் விவிட், ஸ்டாண்டர்டு இரண்டையும் விட்டு சினிமா நிலைக்குப் போனேன். சில மாதிரிகளில் ஃபிலிம்மேக்கர் நிலையும் இருக்கும். 2019-ல் அறிமுகமான அது, படத்தை உருவாக்கியவர் ஸ்டுடியோவில் பார்த்த நிறத்துக்கு அருகில் வருவதற்கென்றே வகுக்கப்பட்டது. அடுத்து, தானியங்கியாகத் தலையிடும் எல்லாவற்றையும் அணைத்தேன்: டைனமிக் கான்ட்ராஸ்ட், சூழலொளிக்கு ஏற்ப மங்கும் வசதி, இரைச்சல் நீக்கம், அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. இவை ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு எதைத் திருத்தினாலும் திருத்தம் நிலைக்காது. முகத்தின் தோலை மெழுகு பூசியது போல ஆக்குவது பெரும்பாலும் இரைச்சல் நீக்கம்தான். கன்னத்தின் மாசுமருக்களும் வியர்வையின் மினுமினுப்பும் படத்தின் ஒரு பகுதி. அவற்றை அழித்துவிட்டுக் கூர்மையை ஏற்றுவதால் என்ன பயன்?

சோதனைக்கு ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைப் படத்தொகுப்பைப் பயன்படுத்தினேன். அதில் கறுப்பைச் சரிபார்க்கும் படத்தில் எண்ணிட்ட பட்டைகள் மினுக்கும். ஒளியளவை 0 முதல் 255 வரை எண்ணும் ஒளிபரப்பில் 16 என்ற மதிப்பே முழுக் கறுப்பு, 235 முழு வெள்ளை. ஆகவே 16-ஆம் பட்டையும் அதற்குக் கீழே உள்ளவையும் தெரியக் கூடாது, 17 முதல் மேலே உள்ளவை மெல்லத் தெரிய வேண்டும். விலை குறைந்த திரைகளில் 18 அல்லது 19-லிருந்து தெரிந்தாலே போதும். இதைச் சரிசெய்வது பிரைட்னஸ் என்ற அமைப்பு. அது அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டியது என்று பலர் கருதுகிறார்கள், உண்மையில் அது கறுப்பின் மட்டத்தை நிர்ணயிப்பது. அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியது பின்னொளி மட்டுமே. எங்கள் திரையில் பிரைட்னஸைச் சற்று ஏற்றியதும் இரவுக் காட்சிகளில் தலைமுடிக்கும் பின்னணிக்கும் இடையே அதுவரை இல்லாத பிரிவு வந்தது. அதேபோல் வெள்ளைச் சோதனையில் 235-க்குக் கீழே உள்ள பட்டைகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்வரை கான்ட்ராஸ்டைக் குறைத்தேன். இல்லாவிட்டால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து ஒரே வெள்ளைத் தகடாகிவிடும்.

வெள்ளை எவ்வளவு நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிய வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் நிற வெப்பநிலைதான் குடும்பத்தில் விவாதத்தைக் கிளப்பியது. படத்துறை தன் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு ஏறத்தாழ 6,500 கெல்வின்; எண் கூடினால் வெள்ளையில் நீலம் கூடும். தொலைக்காட்சிகளின் ‘கூல்’ நிலையோ பெரும்பாலும் 9,000 கெல்வினையும் தாண்டி நீலம் பாய்ந்திருக்கும். சலவைக்குப் பின் வேட்டியைச் சொட்டு நீலத்தில் முக்கி எடுப்பதைப் போன்ற வேலை இது: நீலம் சேர்ந்தால் வெள்ளை பளிச்சென்று தோன்றுகிறது. ஆனால் திரையில் அந்த நீலம் வேட்டியோடு நிற்பதில்லை, முகத்தின் மேலும் ஏறுகிறது. மாநிறத்தில் நீலம் கலந்தால் சாம்பல் பூத்துவிடும். அந்தச் சாம்பலை மறைக்க விவிட் நிலையில் சிவப்பைக் கூட்டுகிறார்கள். முடிவில் செங்கல் நிறம் கிடைக்கிறது. நான் வார்ம் நிலைகளில் கடைசியானதை வைத்ததும், “ஏம்பா, எல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே” என்று அம்மா சொன்னார். பழைய நீலத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் உணரும். கூடத்தில் எரியும் குழல்விளக்கு 6,500 கெல்வின் ‘கூல் டேலைட்’ வகை. அதன் ஒளியில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரையும் திரையில் முழு வெள்ளைப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொன்னேன். கூல் நிலையில் திரை சுவரைவிட வெளிப்படையாக நீலமாக இருந்தது. வார்ம் நிலையில் இரண்டும் நெருங்கி வந்தன. குழல்விளக்கின் ஒளி துல்லியமான அளவுகோலாகாது என்றாலும், கருவி இல்லாத வீட்டில் இந்த ஒப்பீடு நம்பத்தக்கது. சில நாட்கள் அப்படியே விட்டுவைத்த பிறகு பழைய நிலைக்கு மாற்றிக் காட்டினேன். இந்த முறை அம்மாவே அது நீலமாக இருக்கிறது என்றார்.

நிறச்செறிவைத் திருத்த நீல வடிகட்டி வழியாகப் பார்க்கும் முறை இருக்கிறது. ஆனால் வடிகட்டியின் இயல்பும் திரையின் நீலமும் ஒத்துப்போகாவிட்டால் விடை தவறாக வரும் என்பதால் அதை நம்பவில்லை. சினிமா நிலையின் இயல்பான மதிப்பிலேயே விட்டு, நான் எடுத்த முகப்படங்களை வைத்துப் பார்த்தேன். கூலித் தொழிலாளி ஒருவரின் வெயிலில் கறுத்த முகம், மஞ்சள் பூசிய ஒரு பாட்டியின் முகம், ஒரு குழந்தையின் முகம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நம்பும்படி இருக்கிறதா என்பதே சோதனை. கறுத்த முகத்தின் நெற்றியில் விழும் ஒளி வெண்மையாகவும், கன்னத்தின் நிழல் கரும்பழுப்பாகவும் இருக்க வேண்டும். அந்த நிழலில் சிவப்போ பச்சையோ தலைகாட்டினால் ஏதோ பிழை இருக்கிறது. எங்கள் திரையில் நிழல்களில் இலேசான பச்சை தெரிந்ததால், இருண்ட பகுதியின் நிறத்தையும் ஒளிர்ந்த பகுதியின் நிறத்தையும் தனித்தனியே திருத்தும் இரு புள்ளி வெள்ளைச் சமநிலை அமைப்பில் பச்சையின் தாழ்மட்ட மதிப்பைச் சற்றே குறைத்தேன். அளவீட்டுக் கருவி இல்லாமல் அந்தப் பட்டியலில் அதற்கு மேல் கைவைப்பது நல்லதல்ல.

ஷார்ப்னஸைப் பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். சில தொலைக்காட்சிகளில் சுழியமே இயல்பு நிலை, சிலவற்றில் நடு மதிப்பு. சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உள்ள படத்தைப் போட்டு, கோட்டின் இருபுறமும் வெள்ளை விளிம்பு மறையும் இடத்தில் நிறுத்தினால் போதும். படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனையும் அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை ஒவ்வொரு பிக்சலும் இடம் மாறி மென்மையாகிவிடும். மிக முக்கியமான ஒரு செய்தி: இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. பென் டிரைவுக்குச் செய்தது எச்டிஎம்ஐக்குப் பொருந்தாது. எல்லா உள்ளீடுகளுக்கும் பொருத்து என்ற தெரிவு இருந்தால் அதை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் படியெடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேபிள் சேனல்களின் படம் மோசமாகவே இருந்தது; அதற்குக் காரணம் திரையிடம் இல்லை. எங்கள் செட்டாப் பாக்ஸ் எஸ்டி வகை, அதுவும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி கம்பியில் இணைந்திருந்தது. எஸ்டி படம் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளியை வாங்கி மற்ற பத்தொன்பதைத் தொலைக்காட்சி தானே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இதோடு ஏவி கம்பி ஒளித்தகவலையும் நிறத்தகவலையும் ஒரே இழையில் கலந்து அனுப்புவதால் சிவப்புச் சேலையின் விளிம்பு வழிந்து முகத்தின் மேல் படர்கிறது. கேபிள்காரரிடம் சொல்லி எச்டி பாக்ஸ் வாங்கி, எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தேன். கம்பிக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. எண்ணியல் சமிக்ஞை முழுதாக வந்துசேரும் அல்லது புள்ளி புள்ளியாக உடையும், விலை உயர்ந்த கம்பியால் நிறம் மேம்படாது. இணைக்கும்போது தொலைக்காட்சி, பாக்ஸ் இரண்டின் மின் செருகிகளையும் கழற்றிவிட வேண்டும். நிலத்தொடர்பில்லாத இரு முனைச் செருகி கொண்ட பாக்ஸின் உலோகப் பகுதியில் இருக்கும் கசிவு மின்னழுத்தம் எச்டிஎம்ஐ துளையைப் பழுதாக்கக்கூடும்.

பாக்ஸ் மாறிய பின்னும் சில சேனல்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பாக்ஸின் பட்டியலில் சமிக்ஞை வலிமை நன்றாகவும் தரம் குறைவாகவும் காட்டியது. வலிமை இருந்து தரம் இல்லையென்றால் இணைப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் பார்த்தபோது, யாரோ எப்போதோ இரண்டு கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் நாடா சுற்றியிருந்தார்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அந்தப் பகுதியை வெட்டியெறிந்து, ஆர்ஜி6 வகைக் கேபிள் கம்பியில் அதற்குரிய எஃப் வகை இணைப்பிகளை முறையாகப் பொருத்தி, மழை படாத இடத்துக்கு மாற்றினேன். பயன்படாமல் கிடந்த ஒரு பிரிப்பானையும் எடுத்துவிட்டேன். தரக் குறியீடு உயர்ந்தது, கட்டங்கள் மறைந்தன.

பாக்ஸின் வெளியீட்டு அமைப்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் அடிப்படையிலானது. எச்டி சேனல்கள் 1080ஐ வடிவில், அதாவது படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பின்னி வரும் வடிவில் வருகின்றன; எல்லா வரிகளும் சேர்ந்தே வருவது 1080பி. பாக்ஸ் 60 ஹெர்ட்ஸில் வெளியிட்டால் நகரும் காட்சிகள் தயங்கித் தயங்கி ஓடும். 1080ஐ, 1080பி இரண்டையும் 50 ஹெர்ட்ஸில் வைத்து, செய்திச் சேனலின் கீழே ஓடும் எழுத்து வரியைப் பார்த்தேன். 1080பியில் எழுத்தின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரிந்தது. 1080ஐயில் வைத்துப் பின்னல் பிரிக்கும் பணியைத் தொலைக்காட்சியிடம் விட்டபோது எழுத்து தெளிவாக ஓடியது. வேறு பாக்ஸில் இது தலைகீழாகவும் இருக்கலாம், இரண்டையும் பார்த்துவிடுவதே வழி. பழைய 4:3 படங்களை அகலமாக இழுத்து நிரப்பும் அமைப்பையும் மாற்றினேன். இருபுறமும் கறுப்புப் பட்டை வருவது குறையென்று வீட்டில் முதலில் நினைத்தார்கள். இழுக்கப்பட்ட முகம் மனித முகமாக இருப்பதில்லை என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இணைய வழிப் படங்களுக்கு வேகம்தான் அடிப்படை. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட்டும் 4கேக்கு 15 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. கூடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலில் திணறியதால், ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கம்பியை இழுத்துவிட்டேன். மாலை நேரத்தில் படம் மங்குவது நின்றது. திரைப்படங்கள் விநாடிக்கு 24 சட்டகங்கள் கொண்டவை என்பதால், படத்தின் சட்டக வேகத்தோடு திரையைப் பொருத்தும் அமைப்பு ஆண்ட்ராய்டு பட்டியலில் இருந்தால் அதை இயக்கிவைப்பது நல்லது.

எச்டிஆரைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எச்டிஆர்10 படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது அதற்கும் மேற்பட்ட உச்ச ஒளியை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 300 நிட் கொண்ட, பகுதி பகுதியாகப் பின்னொளியை மங்கச் செய்யும் வசதியில்லாத திரை அதை ஏற்றுக்கொள்கிறது என்பதற்காக அதைக் காட்ட முடியும் என்றாகாது. அந்தப் பேரொளி வீச்சை இந்தத் திரையின் சிறிய எல்லைக்குள் அடக்கும்போது முகங்கள் இருண்டன. மாநிறம் கறுப்பாகவும் கறுப்பு வெறும் நிழலாகவும் ஆயின. ஆகவே பாக்ஸிலும் செயலிகளிலும் அணைக்க முடிந்த இடங்களில் எச்டிஆரை அணைத்து, சாதாரண வடிவிலேயே பார்க்கிறோம். எச்டிஆரை உண்மையாகவே விரும்புபவர்கள் இந்த விலையில் வாங்காமல் காத்திருப்பதே நல்லது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது கறுப்பில் எஞ்சியிருந்த சாம்பல் தெரிந்தது. திரைக்குப் பின்னால் 6,500 கெல்வின் எல்இடி பட்டை ஒன்றை ஒட்டி, தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் கொடுத்தேன். சுவரில் படரும் மெல்லிய ஒளி கண்ணின் பாவையைச் சுருக்கி, கறுப்பை மேலும் கறுப்பாகத் தோன்றச் செய்கிறது. கண் களைப்பும் குறைகிறது. ஆனால் எங்கள் சுவர் இளம்பச்சை. அதில் பட்ட ஒளி பச்சையாகத் திரும்பியதும், அதற்கு ஈடாக முகங்கள் இலேசாகச் சிவந்து தோன்றின. இரு கதவுகளுக்கு நடுவேயான அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளை டிஸ்டெம்பர் பூசியதும் அது நீங்கியது. இரவில் பின்னொளியை வெள்ளைப் படம் ஏறத்தாழ 100 நிட் அளவுக்கு வரும்படி குறைத்திருக்கிறேன். கைபேசியின் ஒளிமானிச் செயலியில் பார்த்த தோராய மதிப்பு அது. பகலுக்கு ஸ்டாண்டர்டு நிலையில் அதே நிறத் திருத்தங்களைச் செய்து பின்னொளியை மட்டும் ஏற்றி வைத்திருப்பதால், பெற்றோர் இரண்டு நிலைகளுக்கிடையே ரிமோட்டில் மாற்றிக்கொண்டால் போதும்.

மென்பொருள் புதுப்பிப்புகள் சில நேரம் இந்த அமைப்புகளை அழித்துவிடும் என்பதால், எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து, மதிப்புகளை ஒரு தாளில் எழுதி ரசீதோடு வைத்திருக்கிறேன். அந்த மதிப்புகளை இங்கே தராததற்குக் காரணம், அவை எங்கள் பேனலுக்கும் எங்கள் அறைக்கும் மட்டுமே உரியவை. அதே மாதிரியில் அடுத்த தொகுதியில் வந்த தொலைக்காட்சிக்குக்கூட அவை பொருந்தும் என்று சொல்ல முடியாது. சோதனைப் படங்களும் தெரிந்த சில முகங்களின் ஒளிப்படங்களும் ஒரு பென் டிரைவில் இருந்தால், ஒரு மாலைப்பொழுதில் யாரும் தங்கள் வீட்டுக்கான மதிப்புகளைக் கண்டுபிடித்துவிடலாம்.